ஒரு மாணவிக்காகக் காத்திருந்த நிலையமா? கியூ-ஷிரட்டாக்கியின் வரலாறு

2016 ஜனவரியில் ஒரு செய்தி சமூக ஊடகங்கள் வழியே உலகைச் சுற்றி வந்தது. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், காமி-ஷிரட்டாக்கி என்ற ஆளில்லா ரயில் நிலையம் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக மூடப்படாமல் இருக்கிறதாம். காலை 7:04க்கு ஒரு வண்டி, மாலை 5:08க்கு ஒரு வண்டி. அவள் படிப்பை முடிக்கும் நாளில் நிலையத்துக்கும் பூட்டு. சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் வந்த பிறகு இதற்கு இறக்கை முளைத்துவிட்டது.

மாணவி இருந்தாள், நிலையமும் மூடப்பட்டது. ஆனால் அவள் வண்டி ஏறியது காமி-ஷிரட்டாக்கியில் அல்ல, அதே செக்கிஹோக்கு பாதையில் இருந்த கியூ-ஷிரட்டாக்கியில். அற்பப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காகப் பிறந்த நிலையங்கள்.

ஷிரட்டாக்கி, யூபெட்சு ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். பின்னாளில் ஐகிடோ தற்காப்புக் கலையை நிறுவிய மொரிஹெய் உயேஷிபா, 1912இல் தெற்கே வாக்கயாமா பகுதியிலிருந்து ஒரு குடியேற்றக் கூட்டத்தை அழைத்து வந்தது இங்கேதான். காடு திருத்திய அந்த மக்களுக்கு ரயில் கிழக்கிலிருந்து வந்தது. எங்காருவில் தொடங்கிய பாதை 1929இல் ஷிரட்டாக்கியைத் தொட்டது. மேற்கே மலை குறுக்கிட்டது. அதைக் குடைந்து 4,329 மீட்டர் சுரங்கம் அமைத்த பிறகு, 1932 அக்டோபர் 1 அன்று முழுப் பாதையும் திறக்கப்பட்டது. காமி-ஷிரட்டாக்கி பிறந்ததும் அன்றுதான்.

கியூ-ஷிரட்டாக்கி 1947இல் வந்தது, அதுவும் நிலையமாக அல்ல, 'தற்காலிக ஏறுமிடமாக'. ஹொக்கைடோவில் இத்தகைய ஏறுமிடங்கள் ஏராளம். தலைமையகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல், வட்டார ரயில்வே அலுவலகமே உள்ளூர்த் தேவை கருதி இவற்றை அமைத்துக்கொண்டது. நாடு முழுமைக்குமான கால அட்டவணையில் பலவற்றுக்கு இடமே இருக்காது. தூரக் கணக்கு இல்லாததால், இறங்குகிறவர் அதற்கு அடுத்த நிலையம் வரைக்குமான கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. 'தற்காலிகம்' நாற்பது ஆண்டு நீடித்தது. 1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வே உடைக்கப்பட்டுத் தனித்தனி நிறுவனங்களானபோது, மற்ற ஏறுமிடங்களோடு கியூ-ஷிரட்டாக்கியும் நிலையமாகப் பதவி உயர்வு பெற்றது. ஊர் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்த உயர்வு அது!

மற்ற சிறு நிலையங்கள் ஆளில்லா நிலையங்களானது வேறு கதை. ஒற்றைத் தடத்தில் செல்ல அனுமதியான டோக்கனை மாற்ற, சிக்னலும் பாயிண்டும் இயக்க, சரக்கு ஏற்றி இறக்க, சீட்டுக் கொடுக்க என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1964 முதல் தேசிய ரயில்வே நஷ்டத்தில் ஓடத் தொடங்கியது. தொலைவிலுள்ள ஒரே அறையிலிருந்து முழுப் பாதையின் சிக்னல்களையும் இயக்கும் முறை பரவியதும் டோக்கன் வேலை போயிற்று. சரக்கு லாரிக்கு மாறியதும் கிடங்கு வேலை போயிற்று. மிச்சமிருந்தது சீட்டு. அதையும் வண்டிக்குள் கொண்டுபோனார்கள். ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியில் ஏறும்போது பயணி எண்ணிட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்வார். ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பலகையில் அந்த எண்ணுக்கு எதிரே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சில்லறையையும் பெட்டியில் போட்டுவிட்டு முன் கதவு வழியாக இறங்க வேண்டியதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் செய்த வேலைகளில் எஞ்சியது இப்படி ஓட்டுநர் தலையில் விழுந்தது. இன்று ஜப்பானின் நிலையங்களில் ஏறத்தாழ பாதி ஆளில்லாதவை. மாற்றுத்திறனாளிகளுக்கு இது பெருந்தொல்லை. 2020இல் கியூஷூ தீவில் அவர்களில் சிலர் இதை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள்.

இனி அந்த ஒற்றை வண்டிக்கு வருவோம். ஷிரட்டாக்கிக்கு மேற்கே, மலையைத் தாண்டி காமிகாவா வரை மனித நடமாட்டமே அரிது. விரைவு வண்டிகள் நிற்காமல் கடந்துவிட்டன. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி நாளொன்றுக்குப் போக ஒன்று, வர ஒன்று மட்டுமே இருந்தது. காமி-ஷிரட்டாக்கி இந்த மலைப்பக்கத்தில் இருந்தது. அதன் அட்டவணையில் ஒரே வண்டி இருந்ததற்குக் காரணம் நிலவியல், எந்த மாணவியும் அல்ல. கியூ-ஷிரட்டாக்கி கிழக்குப் பக்கத்தில் இருந்ததால், எங்காருவிலிருந்து வந்து ஷிரட்டாக்கியோடு திரும்பிவிடும் வண்டிகளும் அங்கே நின்றன. காலையில் எங்காருவுக்குப் போக ஒன்று, மாலையில் திரும்ப மூன்று. எங்காருவில் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பள்ளி விட்டதும் கிளம்புகிறவர், விளையாடிவிட்டுக் கிளம்புகிறவர் என்று எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை அது. அவற்றில் அவள் மட்டும் போய்வரவில்லை, வழிநெடுக மற்ற மாணவர்களும் ஏறினார்கள்.

ஆக, ரயில்வேயின் கருணை என்று உலகம் கண்டதை நான் வேறுவிதமாகவே வாசிக்கிறேன். சம்பளம் வாங்க ஆள் இல்லாத நிலையத்தை வைத்திருக்க அதிகம் செலவில்லை, பனி அள்ளும் கூலியும் சில்லறைப் பராமரிப்பும் தவிர. அதனால் அது தப்பிப் பிழைத்தது. அந்தச் சிறு செலவும் கண்ணை உறுத்தியபோது மூடப்பட்டது.

மூடிய நாள் 2016 மார்ச் 26. ஜப்பானில் மேல்நிலைப்பள்ளிப் பட்டமளிப்பு மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அந்தத் தேதி ரயில்வேயின் ஆண்டு அட்டவணை மாற்றத்துக்கு உரியது. அன்றுதான் புதிய ஹொக்கைடோ ஷின்கான்சென் அதிவேக ரயிலும் ஓடத் தொடங்கியது. அதே நாளில், தேசிய ரயில்வே உடைந்து பிறந்த நிறுவனங்களில் ஒன்றான ஜே.ஆர். ஹொக்கைடோ எட்டு நிலையங்களைக் கைவிட்டது. கியூ-ஷிரட்டாக்கி, காமி-ஷிரட்டாக்கி இரண்டும் அவற்றில் அடக்கம். ஷிரட்டாக்கியை விட்டால் அடுத்து காமிகாவாதான் என்றாகி, இடைத்தூரம் 37.3 கிலோமீட்டராக நீண்டது.

அவ்வாண்டு நவம்பரில், தன் பாதைகளில் ஏறத்தாழ பாதியை, 1,237 கிலோமீட்டரை, இனித் தனியாகப் பராமரிக்க இயலாது என்று நிறுவனம் அறிவித்தது. செக்கிஹோக்கு பாதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2021 மார்ச்சில் ஹொக்கைடோவில் மேலும் 18 நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. செலவை ஏற்க உள்ளாட்சிகள் முன்வந்த நிலையங்கள் மட்டும் அவற்றின் பராமரிப்புக்கு மாறித் தப்பின.