வேலை நேரக் குறைப்பின் வாய்ப்புச் செலவு

உழைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்பவர் அதனால் கைவிடும் வருமானமும் பிற பயன்களும் சேர்ந்த மதிப்பு. இலங்கைப் பாடநூல்கள் வாய்ப்புச் செலவை ‘அமையச் செலவு’ என்கின்றன. வாய்ப்புச் செலவுக் கருத்தை வளர்த்தவர் ஆஸ்திரியப் பொருளியலாளர் பிரீட்ரிக் வான் வீசர். வீட்டில் செலவாகும் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை அமெரிக்கரான கேரி பெக்கர் 1965இல் விளக்கினார்.

கணக்கிடும் முறை: மணிக்கு 100 ரூபாய் பெறும் தையல் தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேர வேலையை ஆறாகக் குறைக்கிறார் என்க. நாளொன்றுக்கு இழப்பு 200 ரூபாய். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவந்த 60 ரூபாய் மிச்சமானால் நிகர இழப்பு 140. அதாவது, மணிக்கு 70 ரூபாய். குழந்தையோடு இருக்கும் ஒரு மணி நேரத்தை அவர் அதைவிட உயர்வாக மதித்தால் முடிவு சரியானதே.

விடுவது மிகைநேர வேலையானால் இழப்பு கூடும். 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் அதற்கு இருமடங்குக் கூலி வகுத்தது. சம்பளம் குறைந்தால் வருங்கால வைப்புநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும் குறையலாம். பதவி உயர்வும் தள்ளிப்போகலாம். இவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கூலியில்லாத வீட்டு உழைப்பின் மதிப்பைச் சுழியமாக வைத்துப் போடும் கணக்கு பிழையானது.