புட்டியின் மேல் எழுதிய வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியருள் பலர் இன்றும் பழைய மகிழுந்துகளையே ஓட்டி வருகிறோம். பெற்றோர் பலரின் நிலையும் அதுதான். அடியேனின் வண்டி 1995-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாரா. ஓடிய தொலைவு 320,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து 2001-இல் முதற்பணிக்குச் சென்றபோது, என் தந்தையார் தம் ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து வாங்கிக் கொடுத்த இரண்டாங்கை வண்டி அது. அப்பா தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். இப்போது அவர் இல்லை, வண்டி இருக்கிறது.

ஈராண்டுகளுக்கு முன்பு அவ்வண்டிக்கு ஒரு கேடு வந்தது. காலையில் முடுக்கியவுடன் நான்கைந்து நொடிகள் ‘கடகட’வென்று பெருஞ்சத்தம்; பிறகு அடங்கிவிடும். எண்ணெய் மாற்றிக் கொடுத்த பட்டறையிலேயே காட்டினேன். “எஞ்சின் முடிந்தது, பிரித்துச் செய்தால் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்றனர். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கையெழுத்திடும் முன் ஒரு முறையேனும் நாமே அறிந்துகொள்வோம் என்று மசகெண்ணெயைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்த வரலாற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

வண்டி மையிலிருந்து ஆமணக்கு வரை

உரசும் இரண்டு பொருள்களுக்கு இடையே வழுக்கும் படலம் ஒன்றை வைப்பதே மசகின் வேலை. இது நமக்குப் புதிதன்று. மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ‘வண்டி மை’ பூசியவர்கள் நம் முன்னோர்.

மேலை நாட்டார் நீராவி இயந்திரங்களுக்கு விலங்குக் கொழுப்பையும் தாவர எண்ணெயையும் பயன்படுத்தினர். வெப்பம் ஏறியதும் அவை கெட்டுப் பிசினாயின. அமெரிக்காவில் 1859-இல் எட்வின் டிரேக் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு, ஜான் எல்லிஸ் என்னும் மருத்துவர் பெட்ரோலியத்திலிருந்து மசகெண்ணெய் செய்யும் முயற்சியை 1866-இல் தொழிலாக்கினார். வால்வோலின் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கின் மிரியில் 1910-இல் எண்ணெய் தந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ஆமணக்கு உடனே மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909-இல் வெளியிட்ட எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. விளக்கெண்ணெயைக் குறிக்கும் ‘காஸ்டர்’ என்னும் சொல்லிலிருந்தே ‘காஸ்ட்ரோல்’ என்னும் பெயர் பிறந்தது. முதல் உலகப் போரின் விமானங்களுள் பலவும் விளக்கெண்ணெயில் பறந்தவையே. அதன் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பர். விளக்கெண்ணெயின் குணம் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை!

எண்கள் வந்த கதை

சிறுவனாக இருந்தபோது லோரிக் கொட்டகையில் அப்பா எண்ணெய்த் தகரத்தை என்னிடம் நீட்டி, “என்னாப்பா எழுதியிருக்கு இதுல? படி பார்ப்போம்” என்பார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. “எஸ்.ஏ.இ. 40” என்று உரக்கப் படிப்பேன். “சரி, இதான்” என்று ஊற்றுவார். நான் படித்தது எழுத்தை மட்டும்தான். அதன் பொருள் அவருக்குத்தான் தெரியும்.

எஸ்.ஏ.இ. என்பது 1905-இல் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கத்தைக் குறிக்கும். அதுவரை எண்ணெயை ‘இலேசு’, ‘நடுத்தரம்’, ‘கெட்டி’ என்று கடைக்காரர் வாய்போன போக்கில் விற்று வந்தனர். பின்னர் அச்சங்கம் எண்ணெயின் பாகுநிலையை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தயக்கத்தை, எண்களால் வகைப்படுத்தியது. இன்றைய விதிப்படி, 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 என்னும் எண் பெற்ற எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 வரையிலும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையிலும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையிலும் சென்டிஸ்டோக்கு அளவில் அமைதல் வேண்டும். எண் கூடக் கூட எண்ணெய் கெட்டியாகும்.

குளிர் நாட்டாருக்கு இதிலொரு தொல்லை இருந்தது. கோடைக்கு ஏற்ற கெட்டி எண்ணெய் குளிர்காலத்தில் உறைந்து, வண்டி கிளம்பாது. ஆண்டுக்கு இருமுறை எண்ணெயை மாற்றினர். 1950-களில் பரவிய பல்தர எண்ணெய் இதற்குத் தீர்வாயிற்று. 15டபிள்யூ-40 என்னும் குறியில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 20டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழ் 15 பாகையிலும், 15டபிள்யூ 20 பாகையிலும், 10டபிள்யூ 25 பாகையிலும் இயந்திரத்தைச் சுழல விடுமாறு சோதிக்கப்படுகின்றன.

கேமரன் மலையிலும் நமக்கு அந்தக் குளிர் இல்லை. அப்படியாயின் முன் எண் நமக்கு வீணா? முற்றிலும் வீணன்று. இரவெல்லாம் நின்ற இயந்திரத்தில், முன் எண் குறைந்த எண்ணெய் மேற்பகுதிக்குச் சற்று விரைவாக ஏறும். ஆனால், நம் நாட்டு வெப்பத்தில் நாம் முதலில் பார்க்க வேண்டியது பின் எண்ணையே.

எழுத்துகள் வந்த கதை

தொடக்கக் காலத்து எண்ணெய் வெறும் எண்ணெய்தான். அதில் மருந்துச் சரக்கு ஒன்றும் கலவாது. 1930-களில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் இயந்திரங்களில் கரி படிந்து, உந்துதண்டு வளையங்கள் இறுகி ஒட்டிக்கொண்டன. அதற்குத் தீர்வாக, அழுக்கைக் கழுவித் தன்னுள் மிதக்க வைக்கும் ‘டீலோ’ எண்ணெயைக் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு நிறுவனம் 1935-இல் கொணர்ந்தது. எண்ணெய் விரைவில் கறுப்பது கெட்டதன் அடையாளம் என்று நாம் அஞ்சுகிறோம். உண்மையில், அது அழுக்கைச் சுமக்கிறது. தன் கடமையைச் செய்கிறது. மலாய்மொழியில் இதனை ‘மின்யாக் ஹித்தாம்’, கறுப்பு எண்ணெய், என்று சொல்வது பொருத்தமே.

இவ்வகைச் சேர்க்கைகள் பெருகியதும் தரம் பிரிக்க வேண்டிய தேவை எழுந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. 1947-இல் முதற்பிரிவுகளை வகுத்தது. 1970-களின் தொடக்கத்தில் பெட்ரோல் இயந்திரத்திற்கு ‘எஸ்’, டீசலுக்கு ‘சி’ என்னும் இன்றைய முறை வந்தது. அவ்வரிசையின் முதலாகிய எஸ்.ஏ. எண்ணெய் 1930-க்குப் பிந்திய பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஆகாது என்று அக்கழகமே சொல்கிறது. எஸ்.எல். 2001-இலும், எஸ்.எம். 2004-இலும், எஸ்.என். 2010-இலும், எஸ்.பி. 2020-இலும், எஸ்.கியூ. 2025-இலும் வந்தன. பிந்திய எழுத்து முந்தியவற்றின் இடத்தைப் பெறும் என்பது பொதுவிதி.

இவ்விடத்தில் பழைய வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களைக் காக்க, 1940-களிலிருந்து துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மத்தை எண்ணெயில் கலந்து வருகின்றனர். பிற்பாடு வந்த புகைத் தூய்மிப்பான்களைப் பாஸ்பரசு கெடுப்பதால் அதன் அளவைக் குறைக்க நேர்ந்தது. ஆயினும், 0.08 விழுக்காடு என்னும் மேல்வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களுக்கே உரியது. 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றை அவ்வரம்பு கட்டுப்படுத்தாது. ஆகவே, ‘புதிய எண்ணெய் எல்லாம் பழைய வண்டிக்கு நஞ்சு’ என்னும் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டில் வால்வோலின் நிறுவனம் ‘மேக்ஸ்லைஃப்’ என்னும் பெயரில், 75,000 மைல் (ஏறக்குறைய 120,000 கிலோமீட்டர்) தாண்டிய வண்டிகளுக்கென்றே எண்ணெய் வெளியிட்டது. மற்றவர்களும் தொடர்ந்தனர். இறுகிப்போன ரப்பர் அடைப்புகளை மிருதுவாக்கும் பொருள் இவற்றில் உண்டு. சிறு கசிவுக்கு இது உதவலாம். தேய்ந்த வளையத்தை எந்த எண்ணெயும் வளர்த்துக் கொடுக்காது.

வடிகட்டியின் வரலாறு

எண்ணெய்க்கு இத்துணை வரலாறு இருக்க, வடிகட்டியை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. தொடக்கத்தில் வண்டிகளுக்கு வடிகட்டியே கிடையாது. 1923-இல் எர்னஸ்ட் சுவீட்லண்டு என்பவர் ‘பியூரோலேட்டர்’ வடிகட்டியை உருவாக்கினார். 1924-இல் வந்த முதல் கிரைஸ்லர் மகிழுந்தில் எண்ணெய் வடிகட்டியும் காற்று வடிகட்டியும் இடம்பெற்றன. அக்கால வடிகட்டிகள் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டுமே வடித்தன. முழு எண்ணெயையும் வடிக்கும் முறை பின்னரே பரவியது. 1954-இல் விக்ஸ் நிறுவனம், கையால் திருகிப் பொருத்தும் தகரக் குவளை வடிகட்டியை அறிமுகம் செய்தது. இன்று நாம் காண்பது அதன் வழிவந்ததே.

அந்தக் குவளைக்குள் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, மடிப்பு மடிப்பான வடிதாள். இரண்டாவது, தாள் அடைத்துக்கொண்டால் திறந்துகொள்ளும் மாற்றுவழி அடைப்பான்; இயந்திரம் எண்ணெயின்றிக் காய்வதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது அதன் தருக்கம். மூன்றாவது, இயந்திரம் நின்றபின் எண்ணெய் பின்னோக்கி வடிந்து போகாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பான்.

மூன்றாவதைப் படித்ததும் எனக்குத் திடுக்கென்றது. காலையில் நான்கைந்து நொடிச் சத்தம், பிறகு அமைதி!

மறுநாள் அப்பாவின் பழைய நண்பர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். தோட்டப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும் வாத்தியாரே” என்றார். விடிந்ததும் முடுக்காமலே வடிகட்டியைக் கழற்றி என் கையில் வைத்தார். கனமே இல்லை. எண்ணெய் நிறைந்திருக்க வேண்டிய குவளை ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. நல்ல பெட்டியில் வந்த மட்டமான வடிகட்டி அது. அன்றாடம் காலையில் குவளை நிரம்பும்வரை இயந்திரம் எண்ணெயின்றி உரசியிருக்கிறது. சரியான வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார். அடுத்த காலை சத்தம் இல்லை. செலவு முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவு.

என் வண்டிக்கு அது நோயாக இருந்தது. எல்லா வண்டிக்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், சில ஆயிரம் ரிங்கிட் செலவழிக்கும் முன் முப்பது ரிங்கிட்டைச் சோதிப்பது அறிவுடைமை.

நாம் செய்யத் தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் வண்டியின் கையேட்டில் உள்ள பாகுநிலை எண்ணைப் பாருங்கள். எண்ணெய் குடிக்காத, கசியாத வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அதே எண்ணைத் தொடரலாம். எண்ணெய் குறைந்துகொண்டே வந்தால், கையேடு இடந்தரும் எல்லைக்குள் ஒரு படி கெட்டியானதை முயலலாம். என் இஸ்வாராவுக்கு 15டபிள்யூ-40 போதுமானதாக இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே மிகக் கெட்டியான எண்ணெய்க்குத் தாவ வேண்டாம். அது நீலப் புகையைச் சற்று மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது.

புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள். நெடுநேரம் நின்று முடுக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால், பெரும்பாலும் வால்வுத் தண்டு அடைப்புகள் இறுகியிருக்கும். மலையேறும்போதும் வேகமெடுக்கும்போதும் வந்தால் வளையங்களை ஐயுற வேண்டும். எண்ணெய் பால்கலந்த கோப்பி நிறம் பெற்றால் குளிர்நீர் கலந்திருக்கலாம்; உடனே பட்டறைக்குச் செல்லுங்கள்.

வடிகட்டியை ஒவ்வோர் எண்ணெய் மாற்றத்தின்போதும் மாற்றுங்கள். நம்பகமான கடையில், வண்டியின் வகையைச் சொல்லி வாங்குங்கள். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். காற்று வடிகட்டியையும் மறவாதீர். கார்புரேட்டர் வண்டியில் அது அடைத்தால் பெட்ரோல் மிகுந்து, எரியாத எச்சம் எண்ணெயில் கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். பழைய வண்டியின் உயிர், எண்ணெயின் விலையைவிட எண்ணெயின் அளவைப் பொறுத்தது.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அதைச் செய்வார். கோலில் ஒட்டிய எண்ணெயைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து, நறநறப்பு உண்டா என்று பார்ப்பார். பாகுநிலை என்னும் சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நானோ எழுத்தை எல்லாம் படித்துவிட்டு, பொருளறியாமல் அவர் வாங்கிக் கொடுத்த வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்க இருந்தேன்.

வகுப்பறையில் உரக்க வாசிக்கும் மாணவரிடம் இப்போதெல்லாம், “நன்று. இதன் பொருள் என்ன?” என்று இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். தங்கள் இல்லத்திலும் பழைய வண்டி இருந்தால், வரும் ஞாயிறு பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். புட்டியின் மேல் உள்ளதை அவர்கள் படிக்கட்டும். பொருளைத் தாங்கள் சொல்லுங்கள்.