புக்கர் டி. வாஷிங்டன் கலை உயர்நிலைப் பள்ளி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரிலுள்ள அரசுப் பள்ளி. இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றைப் பொதுப் பாடங்களோடு சேர்த்துக் கற்பிக்கிறது. இதன் செங்கல் கட்டடம் 1922இல் கறுப்பின மாணவர்களுக்கெனத் திறக்கப்பட்டது. வெள்ளையர் பள்ளிகளில் அவர்களுக்கு இடமில்லாத காலம் அது. 1939இல் லிங்கன் பள்ளி வரும்வரை, நகரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி இதுதான். தொலைவிலிருந்தும் வந்து படித்தார்கள். பின்னாளில் தொழில்நுட்பப் பள்ளியாகவும் இயங்கியது. பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸ் இங்கு படித்தவர்.

பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்க நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவாக, 1976இல் இது எல்லா இனத்தவரும் சேரும் கலைப்பள்ளியானது. மாணவர்கள் திறன்தேர்வு வழியே சேர்க்கப்படுகிறார்கள். பிரித்து வைக்கவென எழுப்பிய கட்டடம் அனைவரையும் ஒன்றுசேர்க்கும் இடமானது, இப்பள்ளி வரலாற்றின் பெருமைமிக்க திருப்பம். எரிக்கா பாடு, ராய் ஹார்கிரோவ், சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் ஆகியோர் இங்கு பயின்ற இசைக்கலைஞர்கள்.

இடப்பற்றாக்குறை வந்தபோதும் பழைய கட்டடத்தை இடிக்கவில்லை. அதைப் புதுப்பித்து, அதனோடு இணைத்து அல்லைடு வொர்க்ஸ் நிறுவனம் வடிவமைத்த விரிவாக்கம் 2008இல் திறக்கப்பட்டது. நகரின் கலை வட்டாரத்தில் பள்ளி இன்றும் இயங்குகிறது.