சஹனில் பழகிய கையும் முள்ளுக்கரண்டியும்



சாதாரண தரம் எழுதிய நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் போன மாதம் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார். பகல் சாப்பாட்டுக்கு மேசையில் கத்தி, முள்ளுக்கரண்டி எல்லாம் வரிசையாக இருந்ததாம். எதை எந்தக் கையால் எடுப்பதென்று தெரியாமல், "பசியில்லை சேர்" என்று சொல்லி எழும்பி வந்துவிட்டார். ஆறு பேர் சுற்றியிருக்கும் சஹனில் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடத் தெரிந்த பிள்ளை அது. கேட்டதிலிருந்து எங்களுக்கு மனசு சரியில்லை.

முள்ளுக்கரண்டி ஒன்றும் வெள்ளைக்காரரின் பரம்பரைச் சொத்து அல்ல. சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் பைசாந்தியத்திலிருந்து வெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஓர் இளவரசி பொன் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டதை, பீட்டர் டேமியன் என்ற துறவி கடிந்து எழுதினார். இங்கிலாந்தும் பிந்தித்தான் பழகியது. இத்தாலியில் கண்ட அந்தப் பழக்கத்தைப் பற்றி 1611இல் எழுதிய தோமஸ் கொரியட்டை அவருடைய நண்பர்களே கேலி செய்தார்கள். (அதே மனிதர் பிறகு பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியா வந்து 1617இல் சூரத்தில் இறந்தார்.)

நம் நாட்டுக்கு 1505இல் வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களில்தான் இன்றும் சாப்பிடுகிறோம். மேசை அவர்களுடைய சொல். பீரிஸும் அப்படித்தான். சிங்களத்தில் முள்ளுக்கரண்டியைச் சொல்லும் 'கெருப்புவ'வும் அவர்களிடமிருந்து வந்ததே. ஆனால் கண்டி இராச்சியம் அசையவில்லை. 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய இருபது வருடம் இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் நூலில் இரண்டாம் இராஜசிங்கனின் சாப்பாட்டை விவரிக்கிறார். தங்கத் தட்டு இருந்தது. அதன்மேல் பச்சை வாழையிலை போட்டுத்தான் அரசன் சாப்பிட்டான்!

1815இல் கண்டி விழுந்த பிறகு மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, தேயிலை வந்தது. 1880இல் ரயிலும் வந்தது. துரைமாரின் பங்களாவில் கத்தியும் முள்ளும் அடுக்கிய அப்பு, தன் வீட்டில் கையால்தான் சாப்பிட்டார். கையால் சாப்பிடுவது மட்டம் என்ற எண்ணம் அந்தப் பங்களா வாசலில் ஒட்டிக்கொண்டதுதான் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு பக்கம், முள்ளுக்கரண்டியைத் தொடுவதே அந்நியக் கலாசாரம் என்பாரும் நம்மிடையே உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஆட்டின் சப்பை இறைச்சியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டதாக புஹாரியில் வருகிறது. தட்டில் அங்குமிங்கும் கை ஓடிய சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடும்படி சொல்லிக்கொடுத்ததும் அதே கிதாபில்தான் இருக்கிறது. நம் சஹன் ஒழுங்கு முழுவதும் அதுதானே?

ஆகவே உண்மையான சிக்கல் ஒன்றே: ஆங்கிலேய முறையில் முள் இடக்கையில் இருக்கும், வாய்க்குப் போவதும் அதுதான். வழி இருக்கிறது. சோற்றுக்கு வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள். முள் தள்ளிக்கொடுக்கும், கரண்டி வாய்க்குப் போகும். இறைச்சியென்றால் முதலில் வெட்டிவிட்டு, கத்தியை வைத்து, முள்ளை வலக்கைக்கு மாற்றலாம். அமெரிக்கர் பலர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். நிறைய அடுக்கியிருந்தால் வெளி ஓரத்தில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். கத்தியையும் முள்ளையும் விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். சேர்த்து வைத்தால் முடிந்தது, பரிமாறுபவர் தட்டை எடுத்துவிடுவார். துணியை மடியில் விரிக்க வேண்டும்.

வரும் வியாழன் பாடசாலை விட்ட பிறகு பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டப்போகிறோம். உம்மாமார் சோற்றுப் பார்சலோடு ஒரு கரண்டியும் ஒரு முள்ளும் கொடுத்தனுப்புங்கள். முள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சும்மா வரட்டும், எங்களிடம் பன்னிரண்டு இருக்கிறது. அந்தப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.