107 சதவீதம்: நரேன் கார்த்திகேயனுக்கு மூடின கதவு

போளூர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போயிருக்கீங்களா? போன மாசம் நான் பைக்ல போனப்போ, கொண்டை ஊசி வளைவு முழுக்க எனக்கு முன்னாடி ஒரு அரசு பஸ். முந்த இடமே இல்லை. மேலே போய்ச் சேர எனக்கு ஆன நேரம் அந்த பஸ்ஸோட வேகம்தான், என் பைக்கோட வேகம் இல்லை.

ரேஸ்லயும் இதே சிக்கல்தான். எல்லாரும் ஒண்ணா ஓடினா யார் உண்மையிலேயே வேகம்னு தெரியாது. அதனால முந்தின நாள் குவாலிஃபையிங். முன்னாடி இடைவெளி விட்டுக்கிட்டு, ஒரே ஒரு சுற்றை முழு வேகத்துல ஓட்டணும். அந்த நேரப்படிதான் மறுநாள் யார் எந்த இடத்துல நிற்கணும்னு முடிவாகும்.

ஃபார்முலா ஒன்ல 2006ல இருந்து இது மூணு கட்டம். 2011ல மொத்தம் 24 கார். முதல் கட்டத்துல 7 பேர் அவுட், ரெண்டாவதுல இன்னும் 7 பேர். மிச்சம் 10 பேர் முதலிடத்துக்கு மோதுவாங்க. சரி, கடைசியா வந்தாலும் ரேஸ் உண்டுதானேன்னு கேட்கலாம். அங்கேதான் 107 சதவீத விதி வருது. முதல் கட்டத்துல வேகமான கார் 100 நொடியில சுத்தினா, நீங்க 107 நொடிக்குள்ள சுத்தியாகணும். 1996ல வந்து, 2003ல போய், 2011ல திரும்பி வந்த விதி இது. ரொம்ப மெதுவான கார் மத்தவங்களுக்கு ஆபத்து, அதான் காரணம்.

விதி திரும்பி வந்தப்போ அதுல முதல்ல மாட்டினவங்கள்ல ஒருத்தர் நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005ல ஜோர்டான் அணிக்காக ஓட்டின, ஃபார்முலா ஒன்னோட முதல் இந்தியர். 2011ல ஹெச்.ஆர்.டி.ன்னு ஒரு சின்ன அணியோட திரும்பி வந்தார். புது காரை சீசனுக்கு முன்னாடி ஒருநாள்கூட ஓட்டிப் பார்க்கலை. மெல்போர்ன்ல வெள்ளிக்கிழமை பயிற்சி நடக்கும்போதும் காரைப் பூட்டிக்கிட்டே இருந்தாங்க. சனிக்கிழமை எல்லை 1 நிமிடம் 31.266 நொடி. நரேன் எடுத்தது 1 நிமிடம் 34.293. அதே அணியோட லியுஸிக்கும் அதே கதி. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருக்குமே ரேஸ் இல்லை. 2012ல மறுபடியும் மெல்போர்ன், மறுபடியும் சோதிக்காத புது கார், மறுபடியும் அதே முடிவு.

நடுவுல 2011 அக்டோபர்ல முதல் இந்தியன் கிராண்ட் ப்ரீ. சொந்த நாட்டு ரேஸ்ல நரேன் தகுதி பெற்றார். ஆனா குவாலிஃபையிங்ல மைக்கேல் ஷூமாக்கரோட வேகச் சுற்றை மறிச்சதா சொல்லி 5 இடம் பின்னுக்குத் தள்ளினாங்க. அன்னிக்கு அந்த மலைப்பாதை பஸ் அவர்தான்! மறுநாள் 17வதா முடிச்சார்.

என்னைக் கேட்டா, விதி நியாயமானதுதான். ஆனா கடிகாரம் கார், டிரைவர், அணியோட பணம் மூணையும் சேர்த்து ஒரே எண்ணாக் காட்டுது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லாது. மெல்போர்ன் பட்டியல்ல அவர் பேருக்கு நேரா 'தகுதி பெறவில்லை'ன்னு இருக்கும். அடுத்த முறை அதைப் பார்த்தா, பூட்டி முடிக்காத அந்தக் காரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.