வேலி மேய்ந்த மலை

ஏற்காட்டில் ஒரு நர்சரியில் 'ஹோலி' என்று எழுதிவைத்திருந்த தொட்டியைப் பார்த்தேன். முழங்கால் உயரச் செடி. கரும்பச்சையில் பளபளக்கும் சின்ன இலைகள், விளிம்பெல்லாம் முள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சிவப்புப் பழத்தோடு அச்சாகி வரும் இலை இதுதான் என்று எனக்கும் தோன்றியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். "வேலிச் செடிங்க. எப்பவும் பச்சையா இருக்கும். வெட்ட வெட்டத் தழையும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா வெள்ளக்காரன் வச்சுட்டுப் போன வேலி இது இல்லீங்க. அது அங்க இருக்கு" என்று எதிர்ச் சரிவைக் காட்டினார். சரிவு முழுக்க உண்ணிச்செடி.

முதலில் தொட்டியில் இருந்ததைப் பற்றி. அது ஹோலி அல்ல. 'சிங்கப்பூர் ஹோலி' என்று விற்கப்படும் மல்பீஜியா காக்சிஜெரா. கரீபியன் தீவுகளின் செடி. சிங்கப்பூருக்கும் ஹோலிக்கும் அதனோடு உறவில்லை. அசல் ஹோலி ஐரோப்பாவின் ஐலெக்ஸ் அக்விஃபோலியம். இந்த 'அசலின்' பெயரும் இரவல்தான். லத்தீனில் ஐலெக்ஸ் என்பது ஓர் ஓக் மரத்தின் பெயர். இலை ஒத்துப்போவதால் அது ஹோலிக்கு வந்தது, லின்னேயஸ் 1753இல் அதையே நிலைப்படுத்தினார். ஆக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பயணப்பட்டது ஒரு தாவரம் என்பதைவிட ஓர் இலை விளிம்பு, அதாவது ஒரு குறி, என்பதே சரி.

இரண்டையும் வளர்க்கும் முறையும் வேறு. ஹோலியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி; பக்கத்தில் ஆண் இல்லாவிட்டால் பெண் மரம் காய்க்காது. விதை ஓராண்டுக்கு மேலும் மண்ணுக்குள் உறங்கும். குளிர் வேண்டும். தொட்டிச் செடிக்கோ இந்தச் சிரமம் எதுவும் கிடையாது. குச்சி வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். வெயில் பட வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். மெதுவாக வளர்வதால் கத்தரிக்கோலுக்கு அடங்கிய பிள்ளை.

ஆனால் என் கேள்வி வேறு. இந்த மலையில் 'எப்போதும் பச்சை' என்பது எப்படி ஒரு தனிச் சிறப்பாயிற்று? இங்கிலாந்தில் பனிக்காலத்தில் மரங்கள் மொட்டையாகி நிற்கும்போது பச்சை மாறாத ஹோலி அர்த்தம் பெறுகிறது. சேர்வராயன் மலையின் உச்சிச் சோலைகளோ எப்போதுமே பச்சைதான். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பியும் பச்சை மாறாத புதர்தான். பச்சைக்குப் பஞ்சமில்லாத இடத்தில் பங்களாவைச் சுற்றி இன்னொரு பச்சை எதற்கு? நிறத்துக்காக அல்ல, கோட்டுக்காக என்றே இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. 1888இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் இந்தியாவில் குடித்தனம் நடத்தும் ஆங்கிலப் பெண்களுக்காக எழுதிய கையேட்டில் வீட்டு நிர்வாகமும் தோட்டமும் சேர்ந்து வருகின்றன. வேலைக்காரரை ஒழுங்குபடுத்துவதும் செடியை ஒழுங்குபடுத்துவதும் ஒரே சொல்லாடலின் இரண்டு அத்தியாயங்கள்.

உடனே 'நம்முடைய' உயிர்வேலியைப் புனிதப்படுத்தும் அவசரம் எனக்கில்லை. கிளுவையும் நொச்சியும் கள்ளியும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டுமா தடையாக நின்றன? தஞ்சாவூர்ப் பக்கம் 'வேலி' என்பது நிலத்தின் அளவும்கூட. எத்தனை வேலி என்று கேட்பது சொத்தைக் கேட்பது. ஊரையும் சேரியையும் பிரித்த வேலியை எந்த வெள்ளைக்காரனும் வந்து நடவில்லை. பங்களா வேலியில் புதிதாக இருந்தது ஒன்றுதான்: சொத்து தன்னை 'அழகு' என்று சொல்லிக்கொண்டது.

அந்த அழகுதான் உண்ணிச்செடியையும் கொண்டுவந்தது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அங்கே கலப்பினமாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பூவுக்காகவும் வேலிக்காகவும் நட்டார்கள். பழத்தைப் பறவைகள் தின்றன. பறவைக்கு எல்லைக்கல் தெரியாது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் புண்ணாகும். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டைச் சட்டத்தால் அடைத்தது. எஞ்சிய மேய்ச்சல் நிலத்தைச் செடி அடைத்தது. மலையாளிப் பழங்குடிகளின் மாடுகளுக்கு இரண்டு பக்கமும் வேலி. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் உவமையாகச் சொல்வது இங்கே தாவரவியல் உண்மை. இன்று மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதே செடியின் தண்டை வேகவைத்து நாற்காலி பின்னி விற்கிறார்கள். பிழைப்புக்கான சாமர்த்தியம் என்று பாராட்டலாம். பறிபோன மேய்ச்சலுக்கு ஈடு என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு முரண் உண்டு. ஹோலியின் உறவுகள் நம் மலைகளிலேயே இருக்கின்றன. நீலகிரி, பழனிச் சோலைகளில் வளரும் ஐலெக்ஸ் வைட்டியானா சிவப்புப் பழம் பழுக்கும் பெரிய மரம். இலையில் முள் இல்லை. கம்பெனி மருத்துவராக வந்து தாவரவியலாளரான ராபர்ட் வைட்டின் பெயரை அது சுமக்கிறது. வைட்டுக்காகச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களில் கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார்; அது பிறகு வேறொரு பேரினத்துக்குள் கரைந்துபோயிற்று. பெயர்களுக்கும் வேலி உண்டு போலும்.

'சோலை' என்ற நம் சொல்லைத்தான் வனத்துறை 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டது. ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. சோலை என்ற சொல்லில் வேலி இல்லை. தோட்டம் என்றதும் வேலி வந்துவிடுகிறது.

ஹோலி மரத்தில் விலங்குகள் கடித்த கிளைகளில்தான் முள்ளிலைகள் அதிகம் என்று ஸ்பெயினில் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கு எட்டாத உயரத்தில் இலை பெரும்பாலும் வழுவழுப்பாகவே இருக்குமாம். முள் இயல்பு என்பதைவிட எதிர்வினை. வேலி போடுகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்று யோசித்துக்கொண்டே நான் அந்தத் தொட்டியை வாங்கினேன். ஆமாம், வாங்கினேன். பணத்தை எண்ணிக்கொண்டே பெரியவர் கேட்டார்: "எங்கீங்க வைக்கப் போறீங்க? ஆளுங்க நடக்கற பக்கமா?"

தொட்டி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.