செலவும் வரவும்: ஆரியசாலை வழியே அரசுப் போக்குவரத்தின் வரலாறு

முன்னுரை

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. செல் என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல், அகப்பாடல்களில் தலைவன் பிரிந்து செல்லுதலையும், ‘செலவழுங்குதல்’ என்னும் துறைப்பெயரில் அப்பயணத்தைத் தவிர்த்தலையும் உணர்த்தி நிற்கின்றது. பிற்காலத்தில் அதே சொல் கைவிட்டுப் போகும் பொருளைக் குறிக்கலாயிற்று. ‘வரவு’ என்னும் சொல்லும் இவ்வாறே வருகையினின்று வருமானத்திற்கு இடம்பெயர்ந்தது. எனவே ‘போக்குவரத்துச் செலவு’ என்று இன்று எழுதும்போது, போதலைக் குறித்த இரு சொற்கள் ஒரே தொடரில் அமைந்து, ஒன்று மக்களின் இயக்கத்தையும் மற்றொன்று கருவூலத்தின் இழப்பையும் குறிக்கின்றன.

பொதுப் போக்குவரத்திற்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டுமா என்னும் வினா இன்று பல மாநிலங்களில் எழுப்பப்படுகின்றது. இவ்வினா நிதிக் கணக்கிற்கு மட்டும் உரியதன்று. அக்கணக்கு எச்சொற்களால் எழுதப்படுகின்றது என்பதற்கும் உரியது. திருவனந்தபுரத்து ஆரியசாலை வழியே செல்லும் போக்குவரத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கின்றது.

சாலை என்னும் சொல்

ஆரியசாலை, சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி. கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திவானாக இருந்த இராஜா கேசவதாஸ் இக்கடைத்தெருவை உருவாக்கினார். கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் இத்தெருவில் தமிழ் வணிகரும் தமிழ் பேசும் தொழிலாளரும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆரியசாலை, வலியசாலை என்னும் பெயர்களில் உள்ள ‘சாலை’ இன்றைய தமிழர் நினைக்கும் வழித்தடம் அன்று. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் சாலை என்பது கற்போருக்கு உணவும் உறையுளும் அளித்த அறநிலையத்தைக் குறித்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு அமைத்த சாலை, காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றியது. அக்காந்தளூர்ச் சாலை வலியசாலைப் பகுதியில் இருந்ததாகக் கருதப்படுகின்றது. அத்தகைய நிலையத்திற்கு அரசன் நிலம் விட்டபோது, அது இலாபம் ஈட்டுமா என்று எவரும் வினவவில்லை. விதித்த கடமை நிறைவேறுகின்றதா என்பதையே செப்பேடு வரையறுத்தது. இவ்வேறுபாடு பின்னர் எடுத்துக்காட்டப்படும்.

பேருந்துக்கு முந்திய செலவுகள்

திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்று திருவனந்தபுரத்திற்கு மாறிய பின் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் வழி ஆட்சிக்கும் வழிபாட்டிற்கும் இன்றியமையாததாயிற்று. இன்றும் நவராத்திரி காலத்தில் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் இவ்வழியே ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். குமாரசுவாமி எழுந்தருளும் இடம் ஆரியசாலைப் பகவதி கோயிலாகும்.

இவ்வழியில் அரசு செய்த செலவுகள் யாவும் பயன் தந்தன எனக் கூறுவதற்கில்லை. 1860ஆம் ஆண்டில், தி. மாதவராவ் திவானாக இருந்தபோது, திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியுடன் நீர்வழியாக இணைக்க அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பெற்றது. அது முழுமை பெறவில்லை. அதன் சிதைந்த பகுதிகள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் காணப்படுகின்றன. தொடங்கியதை முடிக்கவும் முடித்ததைப் பேணவும் வழிசெய்யாத செலவு, அளவில் பெரிதாயினும் பயன்படாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

வழி அமைப்பது ஒன்று. அவ்வழியில் யார் செல்லலாம் என்பது வேறொன்று. அரசுப் பணத்தில் அமைந்த வழிகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் செல்வதற்குத் தடை இருந்தது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893ஆம் ஆண்டில் வில்லுவண்டி ஏறிப் பொதுவழியில் சென்றது அத்தடையை எதிர்த்தே. 1924-25ஆம் ஆண்டுகளின் வைக்கம் சத்தியாக்கிரகமும் கோயிலைச் சூழ்ந்த வழிகளில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. ‘பொது’ என்னும் அடை ஒரு வழிக்கோ வண்டிக்கோ இயல்பாகவே வாய்ப்பதன்று. கோரிப் பெறப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

1938

கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918இல் திருவனந்தபுரத்தின் சாக்கையை அடைந்து, 1931இல் தம்பானூர் வரை நீண்டது. ஆனால் தெற்கே நாகர்கோவிலுக்குத் தொடர்வண்டி இல்லை. நெல் விளையும் நாஞ்சில் நாட்டையும் தலைநகரின் சந்தையையும் இணைத்தது தரைவழி ஒன்றே.

இந்நிலையில் சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் மோட்டார்ப் போக்குவரத்தை அரசே நடத்துவதென முடிவாயிற்று. இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்டர் 1937 செப்டம்பரில் கண்காணிப்பாளராக நியமிக்கப்பெற்றார். இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டங்களும் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் வரவழைக்கப்பட்டன; மேற்கூடுகள் சால்டரின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளரால் கட்டப்பட்டன. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா இப்பணியைத் தொடங்கி வைத்தார். முதல் வண்டியைச் சால்டரே ஓட்ட, மகாராஜா அதில் கவடியார் வரை பயணம் செய்தார்.

கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். திருவிதாங்கூர் நாணய முறையில் 28 சக்கரம் ஒரு ரூபாய். எனவே ஏறத்தாழ 40 மைல் தொலைவுள்ள நாகர்கோவிலுக்குச் செல்ல ஒரு ரூபாய்க்கும் குறைவாகவே ஆயிற்று. முதல் வகுப்பிற்குக் கட்டணம் கூடுதல். அதாவது வண்டியின் இருக்கை கட்டணத்தால் பிரிக்கப்பட்டது, பிறப்பால் பிரிக்கப்படவில்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில் வெளிவந்து ஈராண்டு நிறைவதற்குள் இவ்வண்டிகள் ஓடத் தொடங்கின என்பது நினைவிற்குரியது.

திருவிதாங்கூர் அரசின் சின்னத்தில் இரு யானைகள் உண்டு. அச்சின்னமும் அதன் வழிவந்த கேரள அரசின் சின்னமும் பொறிக்கப்பெற்றமையால், இவ்வண்டிகள் மக்கள் வழக்கில் ‘ஆனவண்டி’ எனப்படலாயின. அலுவலக மொழி இட்ட பெயர் மாறிக்கொண்டே இருப்ப, மக்கள் இட்ட பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

எல்லைக்கு இருபுறம்

1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆரியசாலைத் தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினராயினர். ஒரே வழித்தடம் களியக்காவிளையில் இரண்டு அரசுகளுக்கு உரியதாயிற்று. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை நாற்பதாண்டுக்கு மேலாக உறவினரைக் காணவும், கல்லூரி செல்லவும், சரக்கு வாங்கவும் இருபுறத்து மக்களுக்கும் கைகொடுத்தவை அரசு வண்டிகளே.

தென்புறத்தில் 1983இல் மார்ஷல் நேசமணியின் பெயரால் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம் அமைந்தது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு அனைத்தும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பெயரின் கீழ் வந்தன. வடபுறத்தில் 1965இல் அரசுத் துறை கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக மாற்றப்பட்டது. கேரளத்திற்குள்ளேயே ஒரு வேறுபாடு காணப்படுகின்றது. முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதியின் தென்பால் அரசு வண்டிகளே மிகுதி. மலபாரில் தனியார் வண்டிகளே மிகுதி. எனவே கழகம் நலிவுற்றால் கோழிக்கோட்டுப் பயணிக்கு ஏற்படும் துன்பத்தினும் ஆரியசாலைப் பயணிக்கு ஏற்படும் துன்பம் பெரிது.

சட்டத்தின் இருமுகம்

இரு மாநிலங்களிலும் இன்றைய வினாவிற்கு அடிப்படையாக அமைந்தது 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் வகுத்த சிந்தனை. அதன் 18ஆம் பிரிவு, திறமையும் போதிய அளவும் சிக்கனமும் ஒருங்கிணைப்பும் உடைய போக்குவரத்தை அளிப்பதைக் கழகத்தின் கடமையாக்குகின்றது. 22ஆம் பிரிவோ, கழகம் வணிக நெறிகளின்படி இயங்க வேண்டும் என்கின்றது. பயணி குறைந்த சிற்றூருக்கு இரவில் ஒரு வண்டியை விடுவது 18ஆம் பிரிவின்படி கடமை. 22ஆம் பிரிவின்படி தவறு. அக்கடமைக்கு விலை தருவோர் யார் என்பது தெளிவாக வரையறுக்கப்படாமையால், விலை ‘நட்டம்’ என்னும் பெயரில் கழகத்தின் கணக்கில் ஏறுகின்றது.

‘சிக்கனம்’ என்று இங்கு மொழிபெயர்க்கப்பட்ட கருத்தும் ஆய்வுக்குரியது. நடத்துவோருக்குச் சிக்கனமா, பயணிக்குச் சிக்கனமா என்பதை மூலச்சொல் வெளிப்படுத்தவில்லை. மொழிபெயர்ப்பாளர் ‘கட்டுபடியாகும்’ என்று எழுதினால் கழகத்தின் பக்கமும், ‘மலிவான’ என்று எழுதினால் பயணியின் பக்கமும் சட்டம் சாய்ந்துவிடுகின்றது.

பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், வருவாய் தராத, ஆனால் சமுதாயத்திற்குத் தேவையான தொடர்வண்டிப் பயணப் பணிகளுக்கு அரசு தனியே பணம் வழங்க வகைசெய்தது. அஃதாவது எப்பணிக்கு எவ்வளவு என்பது கணக்கில் பெயர் பெற்றது. அதே நாட்டில் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் இலண்டனுக்கு வெளியே பேருந்துப் பணி சந்தையிடம் விடப்பட்டபோதும், சந்தை விட்டுவிட்ட வழித்தடங்களை உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்தப்புள்ளி வழியே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. சந்தையை நம்பியவர்களும் பொதுச்செலவை முற்றும் தவிர்க்க இயலவில்லை என்பது இதனால் பெறப்படும்.

மானியம்: ஒரு சொல்லின் மீட்பு

இத்தகைய தொகையைத் தமிழில் ‘மானியம்’ என்கிறோம். இன்று இச்சொல் இரக்கத்தால் தரும் உதவி என்னும் சாயலைப் பெற்றுள்ளது. ஆனால் பழைய வருவாய்த்துறை வழக்கில் மானியம் என்பது ஊழியம் செய்வோருக்கு அவ்வூழியத்தின் பொருட்டு வரிநீக்கி விடப்பட்ட நிலம். ஊழியம் நின்றால் மானியத்திற்குரிய காரணமும் நின்றுவிடும். முற்கூறிய சாலைகளின் செப்பேட்டு நெறியும் இத்தகையதே. ஆதலின் பழம்பொருளில் மானியம் என்பது கொடை அன்று; பணிக்கு ஈடு.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதற்குரிய தொகையை அரசு கழகங்களுக்கு வழங்குகின்றது. களியக்காவிளையிலிருந்து தெற்கே செல்லும் நகரப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் பெண்ணின் பயணத்தை, பழைய பொருளில், அரசு விலைக்கு வாங்குகின்றது. வாங்கப்பட்டது இன்னதென்று எவரும் எண்ணிக் காணலாம்.

இதற்கு மாறாக, கேரளக் கழகத்திற்கு அரசு அளித்துவரும் பணத்தில் பெரும்பகுதி ஓய்வூதியத்திற்கும் பழைய கடனுக்கும் செல்கின்றது. 2018 முதல் ஓய்வூதியம் கூட்டுறவு வங்கிகளின் கூட்டமைப்பு வழியாக அரசின் பொறுப்பில் வழங்கப்பட்டு வருகின்றது. ஓய்வுபெற்றோருக்குத் தருவது அறமும் கடமையும் ஆகும். ஆயின் அதனைப் போக்குவரத்துச் செலவு என்று எழுதும்போது, செலவு பெருகுகின்றது. ஆரியசாலை நிறுத்தத்தில் நிற்பவர் முன் வண்டி பெருகுவதில்லை. அதனால் ‘எவ்வளவு கொடுத்தாலும் போதாது’ என்னும் கருத்து வலுப்பெறுகின்றது. கூடுதல் செலவை எதிர்ப்போரின் இவ்வாதத்தைப் புறக்கணித்தல் இயலாது. ஆனால் அது செலவின் மீது சாட்டப்படும் குறை அன்று. கணக்கெழுதும் முறையின் மீது சாட்டப்படுவதே.

முடிவுரை

மலையாளத்தில் ‘கதாகதம்’ என்பதும் தமிழில் ‘போக்குவரத்து’ என்பதும் போதல், வருதல் என்னும் இரண்டையும் இணைத்தே அமைந்தவை. ஆனால் மலையாளத்தில் ‘போக்குவரவு’ என்று எழுதினால் அது நிலவுடைமைப் பதிவின் பெயர்மாற்றத்தைக் குறிக்கும். ஒலியொப்புமையை நம்பிப் பெயர்ப்பவர் இவ்விடத்தில் தவறுவர். அரசின் கணக்கும் இத்தகைய தவற்றிற்கு இடந்தருகின்றது: பணிக்கான விலை, பழைய கடன், ஓய்வூதியம் ஆகிய மூன்றும் ‘நட்டம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கப்படுகின்றன.

இவ்வழியின் வரலாறு கூறுவது இது. கால்வாய்க்குச் செய்த செலவு முடிக்கப்படாமையால் வீணாயிற்று. 1938இல் செய்த செலவு, கட்டணமும் வழித்தடமும் வரையறுக்கப்பட்டமையால், நாற்பதாண்டுகள் ஒரு நிலப்பகுதியை இணைத்து நின்றது. எனவே அரசு பொதுப் போக்குவரத்திற்குக் கூடுதலாகச் செலவிடுதல் தக்கதே. இன்ன வழித்தடம், இன்ன நேரம், இன்னாருக்கு என்று வரையறுத்து, பணிக்கு ஈடாக அதனைத் தருதல் வேண்டும். ஓய்வூதியமும் கடனும் அவற்றிற்குரிய பெயரில் தனித்து எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதப்பெறுமாயின், செலவு என்னும் சொல்லின் இரு பொருள்களும் மீண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்: கருவூலத்தினின்று செல்வது, மக்கள் செல்வதற்காகவே ஆகும்.